முன்னால் போன பச்சை வண்டி

திறந்த வண்டியில் வேகம் கூடிவிட்டால் பேச முடியாது. வாயைத் திறந்ததும் காற்று வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் எனக்கும் என் கணவருக்கும் வழியெல்லாம் கைச்சாடைதான். டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கதவில் இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். விரலை வட்டமாகச் சுற்றினால் டீ. எதையாவது கவனிக்கச் சொல்ல வேண்டுமானால் விரலை நீட்டிக் காட்டுவேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவர் தலையாட்டுவார். பெருந்துறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் காலையில் அவர் அப்படித் தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்களுடையது பழைய வண்டி அல்ல. பழைய வண்டியைப் போலச் செய்த புது வண்டி. நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், கம்பிச் சக்கரங்கள், இரண்டே இருக்கைகள். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் வெள்ளைக்காரர்கள் சாய்ந்து நிற்கிற கார் போல இருக்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே தெருவில் ஓடுகிற சாதாரணக் காரின் எஞ்சின். எங்கள் கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரே அச்சில் இப்படிச் சில வண்டிகளைச் செய்து விற்றார்கள். பம்ப் மோட்டார் கம்பெனியைத் தம்பியிடம் ஒப்படைத்த ஆண்டில் என் கணவர் சந்தன நிறத்தில் ஒன்றை வாங்கினார். எனக்கும் கார் ஓட்டத் தெரியும். பத்திரிகை அலுவலகத்துக்கு நானே ஓட்டிக்கொண்டுதான் போய்வந்தேன். ஆனால் இந்த வண்டியை வீட்டுக் கேட்டுக்கு வெளியே நான் எடுத்ததில்லை. அது அவருடைய வண்டி.

அதே பட்டறையில் வண்டி வாங்கிய இன்னும் இரண்டு பேர் எங்களுக்குக் கூட்டாளிகள் ஆனார்கள். ஒருவர் எங்கள் ஊர் ராமநாதபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். நாற்பது வயதுப் பெண்மணி. பச்சை வண்டி, ஓட்டும்போது கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் ஒன்றைக் கட்டிக்கொள்வார். இன்னொருவர் கோட்டைமேட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்காரர். கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறார். எங்கள் மூன்று வண்டிகளின் தோல் இருக்கைகளும் அவர் கடையில் தைத்தவைதான். அவருடையது சிவப்பு. எங்களுக்கு ஒருவர் டாக்டரம்மா, மற்றவர் பாய். நாங்கள் அவர்களுக்கு அண்ணன், அக்கா. வால்பாறை, மைசூர், ஒருமுறை ராமேஸ்வரம் என்று மூன்று வண்டிகளும் சேர்ந்தே போய்வந்திருக்கின்றன.

இந்தப் பயணங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போனில் வழி பார்க்கக் கூடாது. முதல் வண்டிக்கு மட்டும் வழி தெரிந்தால் போதும். அது எப்போதும் டாக்டரம்மாவின் பச்சை வண்டி. இரண்டாவது நாங்கள், கடைசியில் பாய். பின்னால் வருகிறவர் முன்னால் போகும் வண்டியை விடக் கூடாது. அது எங்கே திரும்பினாலும் திரும்ப வேண்டும். ஏன் இந்தப் பக்கம் என்று வழியில் கேட்கக் கூடாது; போய்ச் சேர்ந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை உடுமலை தாண்டி ஒரு காற்றாலைக் காட்டுக்குள் மூன்று வண்டிகளும் போய் முட்டி நின்றோம். டாக்டரம்மா இறங்கி, "காத்து நல்லா வருதுல்ல?" என்று கேட்டார். அன்றைக்கு யாரும் கோபப்படவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க் குசும்பு என்று எங்கள் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்டு எதிராளியைத் திணற வைப்பது. இவர் அதில் ஊறிய மனிதர். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவிடம், "பொண்ணு பார்க்க வந்திருக்கறமுங்க, இந்த ஊட்டுல பொண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டவர். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவர் எதையாவது தெரியாது என்று சொன்னால் அது தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

கடந்த ஆண்டிலிருந்துதான் அது எனக்குக் குழம்ப ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் கடைவீதி போய்விட்டு வரும்போது எங்கள் தெருமுனையைத் தாண்டி வண்டி போய்விட்டது. நான் சொன்னதும் திருப்பினார். "நம்ம ஊடு எப்ப இந்தப் பக்கம் வந்துச்சு?" என்றார். நான் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரரை, இறந்துபோன தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் விழித்ததும், "தெனமும் காலையில வந்து பேப்பரைத் தூக்கிட்டுப் போறது நீயா அவனான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார். இதைப் பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் வற்புறுத்தித்தான் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது என்றார் மருத்துவர். பிறகு சில கேள்விகள் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"உங்க டேபிள்ல காலண்டர் இருக்குது, ஆனா நேத்தைய தேதியக் கிழிக்காம வெச்சிருக்கறீங்க. அதுதானுங்க கேக்கறீங்க?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், என்ன கிழமை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.

பவானி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து ஒகேனக்கல் போவதாகப் பயணத் திட்டம் வந்தபோது மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த ஒரு ட்ரிப்மா. நீ பக்கத்துல உக்காந்து பாரு. உனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தாலும் சாவியை வாங்கிரு. அப்புறம் அப்பா எந்த வண்டியும் ஓட்ட வேண்டாம்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹால் டிக்கெட் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பினோம். அவிநாசியில் முதல் டீ. அங்கே அவரே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"எனக்கு இன்னைக்குப் பரீட்சைங்க. எக்ஸாமினரு பக்கத்து சீட்டுலயே உக்காந்துட்டு வர்றாங்க. பாஸாகலைன்னா அடுத்த ட்ரிப்புக்கு நான் பஸ்ஸுலதான் வரோணும்."

டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் தெரியாத மாதிரி, "பிட்டு கிட்டு வேணுமாண்ணா?" என்றார்.

"எனக்கு என்னங்க," என்றார் பாய். "நான் அண்ணனுக்குப் பின்னாலதான வாரேன். பாத்துக் காப்பியடிச்சுக்கறேன்."

டாக்டரம்மாவும் பாயும் சிரித்தார்கள். என் கணவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. அதை நான் பார்த்தேன் என்பதை அவரும் பார்த்தார்.

அவிநாசியைத் தாண்டி நெடுஞ்சாலையில் அருமையாக ஓட்டினார். கண்ணாடியைப் பார்ப்பது, சைகை காட்டுவது, லாரிக்கு வழிவிடுவது எல்லாம் ஒழுங்காக இருந்தன. விஜயமங்கலத்துக்கு அப்புறம் பஞ்சு மூட்டை ஏற்றிய ஒரு டிரெய்லர் எங்களுக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் புகுந்துகொண்டது. கொஞ்ச தூரத்துக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. டிரெய்லர் இடது பக்கம் ஒதுங்கியதும் அந்த இடத்தில் பச்சை வண்டி போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அது டாக்டரம்மாவின் பச்சை வண்டி இல்லை. அதே அச்சு, அதே பச்சை, அதே கம்பிச் சக்கரம். ஓட்டுகிறவர் கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் இல்லை. தலையில் வெள்ளைத் தொப்பி இருந்தது. எண் வேறு. நான் விரலை நீட்டி எண் பலகையைக் காட்டினேன். அவர் பார்த்தார். தலையாட்டினார்.

பெருந்துறை நெருங்கும்போது அந்தப் பச்சை வண்டி இடது பக்கம் விளக்கைப் போட்டு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியது. பவானிக்கு நேராகப் போக வேண்டும். நான் நேராகக் கையைக் காட்டினேன். அவர் மறுபடியும் தலையாட்டினார், லேசாகச் சிரித்தார், விளக்கைப் போட்டு இடது பக்கம் இறங்கினார். திரும்பிப் பார்த்தேன். பாயின் சிவப்பு வண்டியும் விளக்கைப் போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

கதவை இரண்டு முறை தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார். என் கை கதவு வரை போனது. ஆனால் நிறுத்திவிட்டால் எதற்காகப் போகிறார் என்று தெரியாமலே போய்விடும். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் மஞ்சள் வயலும் தென்னந்தோப்புமாக இருந்த ஒரு தார்ச்சாலையில் போய், வாழைமரம் கட்டிய ஒரு வளைவுக்குள் பச்சை வண்டி நுழைந்தது. பின்னாலேயே நாங்கள். எங்கள் பின்னால் பாய். உள்ளே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் மாப்பிள்ளை, மணப்பெண் படத்தோடு ஆளுயரத்துக்கு மேல் பேனர். தவில்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சை வண்டிக்காரர் இறங்கி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக வாடகைக்கு வந்த வண்டி அது.

"நீங்களும் இந்த ஆர்டருக்குத்தான் வந்திருக்கறீங்களா? எங்கிட்ட ஒரு வண்டின்னுதானுங்க சொன்னாங்க."

"எங்ககிட்ட அதுகூடச் சொல்லலீங்க," என்றார் என் கணவர்.

அதற்குள் வரவேற்க ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவரை யாராவது ஒருவர் வரவேற்றால் போதாது. நிற்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கைகூப்பி "வாங்க" சொல்ல வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைகூப்ப வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் அடுத்த விசேஷம் வரை மனத்தாங்கல் இருக்கும். தலைப்பாகை கட்டிய பெரியவர், பட்டுச்சேலைப் பெண்கள், பன்னீர்ச் செம்பு பிடித்திருந்தவர் என்று வரிசையாக "வாங்கங்க", "வாங்க அம்மணி", "வாங்க வாங்க" என்றார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவு என்று நினைத்தார்கள். பூ அலங்காரம் செய்கிறவர் எதுவும் கேட்காமல் எங்கள் பானெட்டின் மீது செவ்வந்திச் சரத்தைக் கட்டத் தொடங்கினார்.

பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அருகே வந்தார். "என்னண்ணா, டிபன் இங்கதானுங்களா? ரூட்டுல இது இல்லையே."

"வழி மாறி வந்துட்டம் பாய்," என்று நான் மெதுவாகச் சொன்னேன். "சொல்லிட்டுக் கிளம்பலாம்."

"எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் என் கணவர். "அத்தன பேரும் வாங்கன்னு சொல்லியாச்சு. நாமளும் கும்பிட்டாச்சு. இனித் திரும்பிப் போனா அவங்களுக்குக் கொறைச்சல்."

அது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் குழப்பம். தவறி வந்துவிட்டவர் பேசுகிற பேச்சாகவும் அது இருந்தது. வேண்டுமென்றே வந்தவர் பேசுகிற பேச்சாகவும் இருந்தது.

டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். பவானிக்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"ஒரு கல்யாணத்துல இருக்கோம்."

"யாரு கல்யாணம்?"

"தெரியல டாக்டரம்மா."

அவர் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அண்ணன் வேலையா? மெதுவா வாங்க, நான் ஜமக்காளம் பார்த்துட்டு இருக்கேன்." அவருக்குச் சந்தேகமே இல்லை. குசும்பு என்று முடிவு செய்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த வாடகைப் பச்சை வண்டி காலை வாரியது. மாப்பிள்ளையை ஊர்ப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். வாடகை வண்டிக்காரர் சாவியைத் திருப்பினார், உறுமியது, அணைந்தது. மறுபடியும் உறுமியது, அணைந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேர்த்த முகத்தோடு எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க வண்டில மாப்பிள்ளைய ஏத்திக்கலாமுங்களா?"

"ஏத்தறது என் பொறுப்புங்க," என்றார் என் கணவர். "எறக்கறது உங்க பொறுப்பு. பாதி வழியில அவரு மனசு மாறிப்போச்சுன்னா எங்கிட்டக் கேக்கக் கூடாது."

வேர்த்த முகம் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்வலத்தில் காரை நடை வேகத்தில் ஓட்ட வேண்டும். முன்னால் தவில்காரர்கள் பின்னோக்கி நடந்தபடி வாசிப்பார்கள். பானெட்டை ஒட்டியே பெண்கள் தட்டேந்தி நடப்பார்கள். கால் ஒருமுறை பெடல் மாறினால் போதும். "ஏனுங்க, பாயை ஓட்டச் சொல்லலாமே," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "பரீட்சையில கஷ்டமான கேள்வி இப்பத்தான் வந்திருக்குது அம்மணி. இதைப் பாயி எழுதுனா எப்படி?" என்றார்.

பிள்ளையார் கோயில் வாசலில் நான் இறங்கினேன். என் இருக்கையில் பட்டுவேட்டி மாப்பிள்ளை ஏறினார். இந்த வண்டியை என் கணவர் ஓட்டுவதை வெளியிலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தோடு சேர்ந்து இடது பக்கமாக நடந்தேன். வண்டி ஒரு சாண் நகரும், நிற்கும், மறுபடி ஒரு சாண் நகரும். ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. பானெட்டின் மீதிருந்த செவ்வந்திச் சரம் ஆடவில்லை. ஒரு தவில்காரர் செருப்பு கழன்று குனிந்தபோது எல்லாருக்கும் முன்பே அவர் பிரேக்கை மிதித்திருந்தார். இப்படி ஓட்டுகிறவரிடம் சாவியை வாங்கு என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

மண்டபத்து வளைவு வந்தது. தவில்காரர்கள் வளைவுக்குள் திரும்பினார்கள். தட்டேந்திய பெண்கள் திரும்பினார்கள். வண்டி திரும்பவில்லை. அதே நடை வேகத்தில் நேராகச் சாலையில் போனது. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தியபடி வாய் திறந்து நின்றார். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு பின்னோக்கி, கோடு போட்ட மாதிரி நேராக வந்து, வளைவுக்குள் திரும்பியது.

என் கணவர் இறங்கி மாப்பிள்ளையின் அப்பாவிடம், "கடைசியா ஒருவாட்டி யோசிச்சுக்கச் சொன்னேனுங்க. கட்டிக்கறேன்னுதான் சொல்றாரு," என்றார்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் விசில் அடித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். நாங்கள் கிளம்பும்வரை அந்த மண்டபத்தில் அதுதான் பேச்சு. பாய்கூட என் பக்கம் திரும்பி, "ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸுங்க்கா," என்றார். நான் மட்டும் வண்டி நேராகப் போன அந்தக் கொஞ்ச தூரத்தை மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலை வளைவின் பக்கம் திரும்பியதா? திரும்பவில்லை என்றுதான் நினைவு. ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு குடை இருந்தது.

பந்தியில் இட்லியும், இடியாப்பம் போலப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையும் போட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலேயே நின்று கவனித்தார். என் கணவரை யாரென்று விசாரித்து, பம்ப் மோட்டார் கம்பெனி என்றதும், தங்கள் தோட்டத்திலும் அந்த மோட்டார்தான் என்றார்.

"தெரியுமுங்களே," என்றார் என் கணவர். "கெணத்துக்கு மேக்கால ஒரு புளியமரம் இருக்கும். மரத்து வேரு சுவத்தத் தள்ளிட்டு வந்துச்சுன்னு நானே வந்து பார்த்தனே."

மாப்பிள்ளையின் அப்பா பரவசமாகிவிட்டார். ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார். கை கழுவப் போகும்போது நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, "புளியமரம், வேரு எல்லாம் சரிதானுங்க அம்மணி. ஆனா அது எங்க சித்தப்பா தோட்டமுங்க. எங்குளுது போர்வெல்லு. பெரியவரு அத்தன ஆசையாச் சொல்றப்ப இல்லைன்னு சொல்ல முடியுங்களா?" என்றார்.

நினைவு சரி, ஆள் தவறு. அல்லது ஒரே குடும்பத்துத் தோட்டம்தானே என்றும் சொல்லலாம். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஒரே ஒரு சாட்சி பாக்கி இருந்தார். தாலி கட்டி முடிந்து எல்லாரும் வரிசையில் மேடையேறி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன். போட்டோவுக்கு நிற்கும்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"கண்ணு, வளைவுகிட்ட வண்டி நேராப் போச்சே, அப்ப அவரு என்ன சொன்னாரு?"

"எங்க திரும்போணும் மாப்பிள்ளைன்னு கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மாப்பிள்ளை மணப்பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் இருந்த படபடப்புல நேராப் போங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. மண்டபம் எங்க இருக்குதுன்னே எனக்கு மறந்துபோச்சு. அப்புறமும் அவரு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு."

போட்டோகிராபர் எங்களைச் சிரிக்கச் சொன்னார். அந்தப் படத்தில் நான் எப்படி விழுந்திருப்பேனோ தெரியாது.

தேங்காயும் வெற்றிலையும் வைத்த பைகளோடு பவானி போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா, ஆறுகள் சேர்கிற கூடுதுறைக்குப் போகிற வழியில் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, வாங்கிய ஜமக்காளத்தைச் சுருட்டி இருக்கையில் நிற்க வைத்திருந்தார். எங்கள் பானெட்டின் மீதிருந்த பூவைப் பார்த்ததும் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். என் கணவர் அவருக்கு முழுக் கதையையும் ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல் சொன்னார். பூக்காரர் கட்டிய முடிச்சு வரை சொன்னார்.

நான் பாயிடம் போனேன். "பாய், நெசத்தச் சொல்லுங்க. முன்னால போனது வேற வண்டின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பின்ன? வெள்ளைத் தொப்பி போட்டிருந்தானே."

"அப்புறம் ஏன் கூடவே வந்தீங்க?"

"எனக்கு முன்னால போறது அண்ணன் வண்டிங்க்கா. அதை விடக் கூடாதுன்னுதான நம்ம பேச்சு? அண்ணன் எறங்கறாரு, ஏதோ காரணம் இருக்கும்னு எறங்கினேன்." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் யோசித்தார். "காரணம் இருந்துச்சுதானுங்க்கா?" என்று கேட்டார்.

என் போனில் மகளின் செய்தி வந்திருந்தது. எப்படிப் போகிறது என்று ஒரு வரி. பதில் போடாமல் வண்டிக்கு வந்தேன். அவர் பானெட்டின் மீதிருந்த செவ்வந்திச் சரத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் நெம்பர் பிளேட்டைக் காட்டினேன். தலையாட்டுனீங்க."

"ஆமா."

"வேற வண்டின்னு தெரிஞ்சுதான் போனீங்களா?"

குசும்பான பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு முடிச்சு இறுகியிருந்தது. அதோடு கொஞ்ச நேரம் போராடினார்.

"நானும் அதைத்தான் யோசிச்சுட்டே வாரேன் அம்மணி," என்றார். "நீ காட்டினது ஞாபகம் இருக்குது. தலையாட்டினது ஞாபகம் இருக்குது. என்ன நெனச்சுட்டு ஆட்டினேன்னுதான் வர மாட்டேங்குது. வெளையாட்டாத்தான் இருக்கோணும்." பூச்சரத்தைச் சுருட்டி மரத்தடியில் வைத்தார். "உங்க பேப்பர்ல ஒரு சேதி இப்படியா அப்படியான்னு தெரியாட்டி என்ன போடுவீங்க?"

"உறுதி செய்ய முடியலைன்னு போடுவோம்."

"புள்ளைக்கு அதையே போட்டுரு."

சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, என் இருக்கையில் உட்கார்ந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. டாக்டரம்மா ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு தன் வண்டியில் ஏறினார். பாய் வேறெங்கோ பார்த்தபடி தன் கதவைச் சாத்தினார்.

மகளுக்கு, "மேட்டூருக்கு நான் ஓட்டுகிறேன்" என்று மட்டும் எழுதினேன். வலது பக்கம் ஏறி இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஸ்டியரிங் சூடாக இருந்தது. கிளட்ச் நான் நினைத்ததைவிட இறுக்கம். கிளம்பும்போது வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். இரண்டாம் முறை கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் ஆறு வலது பக்கமாகக் கூடவே வந்தது. வேகம் கூடியது, காற்று பேச்சை அடைத்தது. எனக்கு முன்னால் பச்சை வண்டி, மஞ்சள் ஸ்கார்ஃப் பறக்கப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பாயின் சிவப்பு. அம்மாபேட்டைக்கு முன்னால் ஒரு வளைவில் இடது பக்கத்திலிருந்து அவர் கை நீண்டது. விரல், முன்னால் போகும் வண்டியின் எண் பலகையைக் காட்டியது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கோடுகூட அசையவில்லை.

நான் தலையாட்டினேன்.